கல்கத்தா கல்லறையில் பல்லாவரம் கல்: பாறைக்குப் பெயர் வைத்த தாமஸ் ஹாலந்தின் கதை

கொல்கத்தாவில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டினால் பாறை தட்டாது. களிமண், மணல், மறுபடியும் களிமண் என்று போய்க்கொண்டே இருக்கும். கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேல்தான் அந்த நகரம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது.

அப்படிப்பட்ட ஊரில், புனித ஜான் தேவாலய வளாகத்தில், 300 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கருநிறக் கல் இருக்கிறது. அது ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல். 1690-ல் ஹூக்ளி ஆற்றங்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் பிடித்த அதிகாரி அவர். 1693 ஜனவரியில் இறந்தார். கொல்கத்தாவை நிறுவியவர் என்று பல காலம் பாடப்புத்தகங்கள் அவரைச் சொல்லின. 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இந்தக் கட்டுரை சார்னோக்கைப் பற்றியது இல்லை. அவர் இறந்து 200 வருஷம் கழித்து, அந்தக் கல்லை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்த 24 வயது இளைஞரைப் பற்றியது. அவர் பெயர் தாமஸ் ஹென்றி ஹாலந்து.

அவர் முன் இருந்தவை இரண்டு கேள்விகள். இந்தக் கல் எந்த ஊரிலிருந்து வந்தது? இது எப்படி உருவானது? முதல் கேள்விக்கு விடை நம்ம சென்னையில் கிடைத்தது. இரண்டாவது கேள்விக்கு அவர் சொன்ன விடை, அவர் இறந்த பிறகு திருத்தப்பட்டது. நீலகிரி, ஏற்காடு, ஆனைமலை என்று நமக்குத் தெரிந்த பல மலைகள் இந்தப் பாறைதான். தமிழ்நாடு - கேரள எல்லையில் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் மீனாட்சிபுரத்தில் போர்வெல் போடுகிற ஒரு விவசாயிக்கும் இந்த விடையோடு சம்பந்தம் உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அடிப்படை: படிவுப் பாறையா, தீப்பாறையா?

பள்ளியில் படித்ததுதான், ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கொள்வோம்.

மண், மணல், சிப்பி ஓடு போன்றவை ஆற்றிலோ கடலிலோ அடுக்கடுக்காகப் படிந்து, மேலே விழும் சுமையில் இறுகி, துகள்களுக்கு நடுவே சிமென்ட் மாதிரி ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டால் அது படிவுப் பாறை. மணற்கல், சுண்ணாம்புக்கல், களிக்கல் எல்லாம் இந்த வகை.

பூமிக்கு அடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகினால் அது தீப்பாறை. கிரானைட், பசால்ட் இரண்டும் இதற்கு உதாரணம்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நேரில் பார்க்க காஞ்சிபுரம் போகலாம். அங்குள்ள கைலாசநாதர் கோயில், 8-ம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அடித்தளம் கருங்கல், மேலே எழும் சுவர்களும் சிற்பங்களும் மணற்கல். 1,300 வருஷத்தில் மணற்கல் சிற்பங்கள் பல இடங்களில் பொடிந்து, முகம் தெரியாமல் தேய்ந்துவிட்டன. கீழே இருக்கும் கருங்கல் பெரிதாக மாறவில்லை.

காரணம் கல்லின் உள்கட்டமைப்பு. மணற்கல்லில் மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். நடுவே இடைவெளி இருக்கும். அதில் தண்ணீரும் உப்பும் நுழைந்தால் துகள்கள் உதிரும். தீப்பாறையில் படிகங்கள் குழம்பு நிலையிலேயே ஒன்றுக்குள் ஒன்று வளர்ந்து, ஜிக்சா துண்டுகள் போலக் கோத்துக்கொண்டிருக்கும். நீர் நுழைய வழி கிட்டத்தட்ட இல்லை.

ஒரு கல்லைக் கையில் எடுத்தால் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

• அடுக்குகள் தெரிகின்றனவா? தெரிந்தால் படிவுப் பாறையாக இருக்க வாய்ப்பு அதிகம்.
• உருண்டு தேய்ந்த துகள்களா, கோத்து வளர்ந்த படிகங்களா? முதலாவது படிவுப் பாறை, இரண்டாவது தீப்பாறை.
• சிப்பி, இலை, எலும்பு போன்ற உயிர்த்தடம் இருக்கிறதா? இருந்தால் படிவுப் பாறைதான். அரியலூர் சுண்ணாம்புக்கல்லில் கடல் உயிரினங்களின் புதைபடிவம் கிடைப்பது இதனால்தான்.
• ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சுகிறதா? உறிஞ்சினால் உள்ளே இடைவெளி இருக்கிறது.

சிம்பிளா சொன்னா இவ்வளவுதான். ஆனால் தென்னிந்தியப் பாறைகளிடம் இந்த டெஸ்ட் எல்லா நேரமும் வேலை செய்யாது. ஏனென்றால் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது: உருமாறிய பாறை. படிவுப் பாறையோ தீப்பாறையோ, மறுபடி பூமிக்குள் புதைந்து கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்தால், பழைய அடையாளம் அழிந்துபோகும். மணற்கல் குவார்ட்சைட் ஆகும். சுண்ணாம்புக்கல் பளிங்கு ஆகும். ஹாலந்து சிக்கிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

கார்ன்வாலில் இருந்து கல்கத்தாவுக்கு

ஹாலந்து பிறந்தது 1868 நவம்பர் 22. ஊர், இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கார்ன்வாலில் இருக்கும் ஹெல்ஸ்டன். வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் பெயர்போன பகுதி அது. குடும்பம் பிறகு கனடாவின் மானிடோபா பகுதிக்கு விவசாயம் செய்யக் குடிபெயர்ந்தது.

16 வயதில் ஸ்காலர்ஷிப் வாங்கி லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் சயின்ஸில் சேர்ந்தார். முதல் வகுப்பில் தேறி, கொஞ்ச காலம் மான்செஸ்டரில் ஆராய்ச்சி செய்தார். 1890-ல் ஜிஎஸ்ஐ எனப்படும் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்துக் கல்கத்தா வந்தார். வயது 21.

ஜிஎஸ்ஐ 1851-ல் தொடங்கப்பட்ட நிறுவனம். நிலக்கரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அதன் ஆரம்ப வேலை. நிலக்கரி படிவுப் பாறை அடுக்குகளில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால், அந்த அடுக்குகளை வரைபடமாக்குவதில் நிறைய உழைப்பு போனது. அடுக்கே இல்லாத பழைய படிகப் பாறைகளைப் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க ஆள் குறைவு. ஹாலந்துக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு ஆய்வகமும் அருங்காட்சியகமும். கல்லை மைக்ரோஸ்கோப்பில் படிப்பது அவருடைய பலம்.

கல்லை எப்படி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது? ஒரு துண்டை வெட்டி, கண்ணாடியில் ஒட்டி, ஒரு மில்லிமீட்டரில் 100-ல் 3 பங்கு தடிமன் வரும்வரை தேய்ப்பார்கள். அவ்வளவு மெலிந்ததும் கருங்கல்கூட ஒளி ஊடுருவும் சீவலாகிவிடும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கனிமமும் ஒளியை ஒவ்வொரு விதமாக வளைக்கும். அதை வைத்து எந்தெந்தக் கனிமம், எது எதன்மேல் வளர்ந்தது என்று படிக்கலாம்.

கல்லறைக் கல்லில் கிடைத்த விடை

சார்னோக் கல்லறைக் கல்லின் உள்ளே குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், இரும்புத்தாது ஆகியவை இருந்தன. இதுவரை கிரானைட் மாதிரிதான். ஆனால் கூடவே ஹைபர்ஸ்தீன் என்ற கனிமமும் இருந்தது. சாதாரண கிரானைட்டில் நீங்கள் பார்ப்பது மைக்கா. அதில் நீர்க்கூறு உண்டு. ஹைபர்ஸ்தீனில் நீர் கிடையாது. நீரே இல்லாத, மிகச் சூடான சூழலில் உருவாகும் கனிமம் அது.

இதே சேர்க்கை கொண்ட கல் எங்கே இருக்கிறது? சென்னையில், பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும். கல்லே இல்லாத வங்காள வண்டல் நிலத்துக்கு, அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்துதான் கப்பலில் கல் போயிருக்கிறது.

1893-ல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் ஹாலந்து இதை எழுதினார். அந்தப் பாறை வகைக்கு அவர் வைத்த பெயர் சார்னோக்கைட். கல்லை உடைத்தவர்கள் பல்லாவரத்துக்காரர்கள். அதன்மேல் ஊர் கட்டி வாழ்ந்தவர்களும் நாம்தான். பெயர் மட்டும் அதற்கடியில் புதைக்கப்பட்ட கம்பெனி அதிகாரிக்குப் போனது. இன்று உலகில் எங்கே இந்த வகைப் பாறை கிடைத்தாலும், அண்டார்டிகாவில் கிடைத்தால்கூட, அந்தப் பெயர்தான்.

பல்லாவரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதற்குச் சரியாக 30 ஆண்டுகளுக்கு முன், 1863 மே 30 அன்று, இதே ஜிஎஸ்ஐ-யைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் பழைய கற்காலக் கைக்கோடரியை அங்கேதான் கண்டெடுத்தார். அது குவார்ட்சைட், அதாவது ஒரு காலத்தில் மணற்கல்லாக இருந்த கல். ஒரே ஊரில் இரண்டு கல், இரண்டுக்கும் வேறு வேறு பூர்வீகம்.

1900-ல் ஹாலந்து சார்னோக்கைட் பற்றி விரிவான ஆய்வு நூலை வெளியிட்டார். அதில் அவர் எடுத்த நிலைப்பாடு தெளிவானது: இது தீப்பாறை. அதற்கு முன் நீலகிரிப் பகுதிப் பாறையை நீலகிரி நைஸ், மலை நைஸ் என்றெல்லாம் பொதுவாக அழைத்துவந்தார்கள். நைஸ் என்றால் வரிவரியாகத் தெரியும் பாறை. அந்த வரிகளைப் பழைய படிவு அடுக்குகளின் மிச்சமாகப் படிக்கவும் இடம் இருந்தது.

ஹாலந்து அதை மறுக்கக் காட்டிய காரணங்கள் இரண்டு. ஒன்று, இந்தப் பாறை வெளிர் நிறத்திலிருந்து கருமை வரை படிப்படியாக மாறுகிறது, ஆனாலும் எல்லாவற்றிலும் ஹைபர்ஸ்தீன் பொதுவாக இருக்கிறது. ஒரே குழம்பு மெல்ல மெல்லப் பிரிந்து இறுகினால்தான் இப்படி வரும். இரண்டு, இது பக்கத்துப் பாறைகளுக்குள் நரம்பு மாதிரி ஊடுருவியிருக்கிறது. படிந்த மண் பக்கத்துக் கல்லுக்குள் ஊடுருவாது.

சேலம், சிவன்மலை

ஹாலந்தின் தமிழ்நாட்டு வேலை பல்லாவரத்தோடு முடியவில்லை. 1892-ல் சேலம் மாவட்ட இரும்புத்தாது பற்றி அறிக்கை எழுதினார். சேலத்தில் கஞ்சமலை போன்ற மலைகளில் குவார்ட்ஸும் காந்தத்தன்மை கொண்ட இரும்புத்தாதும் மாறி மாறி வரிகளாக இருக்கும். இன்றைய புரிதலின்படி அவை மிகப் பழைய கடலில் வேதியியல் முறையில் படிந்த படிவுகள், பிறகு வெந்து உருமாறியவை.

1901-ல் அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் காங்கேயம் பக்கமுள்ள சிவன்மலைப் பாறைகளைப் பற்றி எழுதினார். ஆண்டவர் உத்தரவுப் பெட்டிக்காக நமக்குத் தெரிந்த அதே சிவன்மலைதான். அங்கே இருப்பது நெஃபலின் சயனைட் என்ற அபூர்வத் தீப்பாறை. குவார்ட்ஸ் இல்லாதது. சில இடங்களில் குருந்தக்கல் கலந்திருக்கும்.

சேலத்தில் படிவு வழி வந்த இரும்பு, சிவன்மலையில் குழம்பு வழி வந்த கல். நடுவில் 100 கிலோமீட்டர் சொச்சம்தான். சாலையில் போகிறவருக்கு எல்லாமே மலை, எல்லாமே கருங்கல். பிறந்த விதம் வேறு என்பதால் உள்ளே கிடைப்பதும் வேறு.

கோனா: பாறையைப் படித்ததால் தப்பிய உயிர்கள்

இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டதாக மாறியது 1893-94-ல்.

இன்றைய உத்தராகண்டின் கர்வால் மலைகளில், கோனா என்ற ஊர் அருகே 1893 செப்டம்பரில் மலைச்சரிவு ஏற்பட்டு, பிரஹி கங்கை ஆற்றை அடைத்துவிட்டது. சரிந்து விழுந்த பாறைக்குவியல் சுமார் 900 அடி உயர அணையாக நின்றது. பின்னால் ஏரி நிரம்ப ஆரம்பித்தது. கீழே ஆற்றோரம் ஸ்ரீநகர் தொடங்கி ஹரித்வார் வரை ஊர்கள்.

நிலைமையை ஆராய ஜிஎஸ்ஐ அனுப்பியது ஹாலந்தை. அங்கே இருந்தவை சுண்ணாம்பு வகைப் படிவுப் பாறைகள். அடுக்குகள் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய புத்தகங்களை மேசையோடு சேர்த்துச் சாய்த்தால் மேலே உள்ளவை வழுக்கி விழும் அல்லவா? ஆறு அடிப்பக்கத்தை அரித்ததும் நடந்தது அதுதான். கோத்து இறுகிய தீப்பாறையில் இப்படி ஒரு ரெடிமேட் வழுக்குத்தளம் இருக்காது.

அடுத்த கேள்வி, அணை எப்போது உடையும்? நீரின் அழுத்தத்தால் குவியல் நகராது, ஏரி நிரம்பி மேலே வழியும்போதுதான் ஆபத்து என்பது அவர்களின் மதிப்பீடு. அது ஆகஸ்ட்டில் நடக்கும் என்று அரசுப் பொறியாளர்கள் கணக்கிட்டார்கள். தந்திக் கம்பி இழுத்தார்கள். மக்களை மேட்டுக்கு அனுப்பினார்கள்.

1894 ஆகஸ்ட் 25 இரவு அணை உடைந்தது. ஸ்ரீநகர் ஊரின் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது. எச்சரிக்கையை மீறி அணைக்குக் கீழே திரும்பிப் போன 5 பேர் மட்டும் இறந்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் உயிரோடு இருந்தார்கள். கல்லைப் படிப்பதும் கணக்குப் போடுவதும் தந்தியும் ஒன்றாக வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவில் இதைவிடப் பழைய உதாரணம் சொல்வது கஷ்டம்.

இயக்குநர் நாற்காலியும் ஒரு ராஜினாமாவும்

1903-ல், 34 வயதில், ஹாலந்து ஜிஎஸ்ஐ இயக்குநர் ஆனார். இந்தப் பதவி உயர்வுக்கு இன்னொரு பக்கம் உண்டு.

பிரமதநாத் போஸ் 1880-லேயே ஜிஎஸ்ஐ-யில் சேர்ந்தவர். ஹாலந்தைவிட 10 ஆண்டு சீனியர். அவரைத் தாண்டி ஜூனியருக்குப் பதவி போனதால் போஸ் அதே 1903-ல் வேலையைவிட்டு விலகினார். பிறகு மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்து, கோருமஹிசானியில் பெரிய இரும்புத்தாது வளத்தைக் கண்டறிந்தார். 1904-ல் ஜாம்ஷெட்ஜி டாடாவுக்குக் கடிதம் எழுதித் தெரிவித்தார். டாடா இரும்பு ஆலை 1907-ல் நிறுவனமானதற்கு அந்தத் தாது ஒரு முக்கியக் காரணம். இந்திய நிலவியலின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று, ஜிஎஸ்ஐ கைவிட்ட ஒருவரால் வெளியே நடந்தது.

இயக்குநராக ஹாலந்து செய்த இரண்டு வேலைகள் நீண்ட காலம் நின்றன.

ஒன்று, டேட்டா. நாட்டில் எவ்வளவு நிலக்கரி, மைக்கா, மாங்கனீசு, தங்கம் எடுக்கப்படுகிறது என்பதை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை தொகுத்து ஆராயும் அறிக்கை. முதல் அறிக்கை 1898 முதல் 1903 வரையிலான காலத்துக்கானது. இந்திய கனிமத் துறையின் பழைய போக்குகளை இன்று யாராவது கிராஃப் போட வேண்டுமானால், அந்தத் தொடரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இந்தியப் பாறைகளை வயதுவாரியாகப் பிரித்தது. அவர் பிரித்த காலகட்டங்களில் மூன்றுக்கு வைத்த பெயர்களைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: புராணம், திராவிடம், ஆரியம். உயிர்த்தடம் அநேகமாக இல்லாத பழைய படிவுகள் புராணம். அதற்குப் பிந்தியவை திராவிடம். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இன்றுவரையிலானவை ஆரியம். மக்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, வெறும் பாறை வயதுக்கான லேபிள்கள் இவை. இதில் வேடிக்கை என்னவென்றால், திராவிடக் காலப் பாறைகளை நன்றாகப் பார்க்க ஸ்பிதி, காஷ்மீர் என்று இமயமலைக்குத்தான் போக வேண்டும். தீபகற்பத்தில் அந்தக் காலத்துப் பதிவு பெரும்பாலும் காலி.

1904-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1908-ல் சர் பட்டம், 1909-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர். முதல் உலகப்போர் அவரை மறுபடி இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 1916-ல் இந்தியத் தொழில் ஆணையத்தின் தலைவர். அடுத்த வருஷம் போர்த்தளவாட வாரியத்தின் தலைவர். தொழில் ஆணையத்தின் அறிக்கை 1918-ல் வந்தது. அரசே தொழில் வளர்ச்சியில் நேரடியாக இறங்க வேண்டும் என்றது. ஆணையத்தில் இருந்த மதன்மோகன் மாளவியா தனியாக மாற்றுக் குறிப்பு எழுதினார்.

பிறகு வைஸ்ராயின் நிர்வாகக் குழு உறுப்பினர் ஆனார். உச்சிக்குப் போனவர் சறுக்கியதும் அங்கேதான். போர்த்தளவாட ஒப்பந்தங்களில் மோசடி செய்ததாகக் கல்கத்தா வியாபாரிகள் மீது நடந்த வழக்கு, அவருடைய முடிவால் திரும்பப் பெறப்பட்டது. பெரிய சர்ச்சை ஆனது. 1921-ல் ராஜினாமா செய்தார்.

இங்கிலாந்து திரும்பிய பிறகு கல்வி நிர்வாகம். 1922 முதல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தலைமை, 1929 முதல் 1944 வரை எடின்பரோ பல்கலைக்கழகத்தின் முதல்வர். 1947 மே 15 அன்று காலமானார். இந்தியா சுதந்திரம் அடைய சரியாக 3 மாதம் இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் கஜ்லிடோங்ரி சுரங்கத்தில் கிடைத்த ஒரு மாங்கனீசு கனிமத்துக்கு ஹாலந்தைட் என்று அவர் பெயர் இருக்கிறது.

சரி, சார்னோக்கைட் தீப்பாறைதானா?

ஹாலந்து இறந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு, 1960-ல், கர்நாடகத்தைச் சேர்ந்த நிலவியலாளர் சி.எஸ். பிச்சமுத்து ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார். கர்நாடகத்தின் கப்பல்துர்காவில் சாதாரண வெளிர் நிற நைஸ் பாறைக்கு நடுவே, திட்டுத்திட்டாக சார்னோக்கைட் இருந்தது. நைஸில் ஓடிய வரிகள் அந்தக் கருந்திட்டுகளுக்குள்ளும் தொடர்ந்தன. வெளியிலிருந்து குழம்பு வந்து புகுந்திருந்தால் வரிகள் அறுந்திருக்கும். அப்படீன்னா அந்தப் பாறை இருந்த இடத்திலேயே, திட நிலையிலேயே மாறியிருக்கிறது. வெப்பத்தில் பழைய கனிமங்கள் நீரை இழந்து, ஹைபர்ஸ்தீன் பிறந்திருக்கிறது. பிறகு கேரளத்தின் பொன்முடி உட்பட வேறு இடங்களிலும் இதே மாதிரி கண்டறிந்தார்கள்.

இன்றைய பொதுவான புரிதல் இது: சார்னோக்கைட்டின் சில உருவங்கள் நேரடியாகக் குழம்பிலிருந்து வந்தவை. ஆனால் தென்னிந்தியாவில் பெரும்பகுதி, பூமிக்கு அடியில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் உருமாறியது. அதன் மூலப்பாறை பல இடங்களில் தீப்பாறைதான். மொத்தத்தில் ஹாலந்தின் விடையில் முழுத் தவறும் இல்லை, முழுச் சரியும் இல்லை. படிவு இல்லை என்ற வரையில் பெரும்பாலும் சரி. கதை குழம்போடு முடிந்துவிட்டது என்று நினைத்தது தவறு.

அவரிடம் இருந்தது மைக்ரோஸ்கோப்பும் கால்நடையும். பாறையின் வயதை அளக்கும் கருவி அப்போது கிடையாது. பல்லாவரம், நீலகிரிப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டு பழையவை என்பது பின்னால் தெரிந்தது. பரங்கிமலைப் பகுதியின் சார்னோக்கைட்டை ஜிஎஸ்ஐ தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

மீனாட்சிபுரத்தில் இது ஏன் முக்கியம்?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் வழியில், எல்லையைத் தாண்டியதும் வருவது மீனாட்சிபுரம். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊர். தெற்கே நெல்லியாம்பதி, ஆனைமலை. வடக்கே தூரத்தில் நீலகிரித் தொடர். நடுவில் பாலக்காடு கணவாய்.

இரண்டு பக்கமும் சார்னோக்கைட் மலைதான். ஆனால் ஒரே வரலாறு இல்லை. கணவாய் வழியாகப் போவது மிகப் பழைய பாறைச் சிதைவு மண்டலம். அதற்கு வடக்கே நீலகிரி 250 கோடி ஆண்டுப் பாறை. தெற்குப் பக்கத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த இன்னொரு பெரிய வெப்ப நிகழ்வின் தடயமும் இருக்கிறது. மீனாட்சிபுரத்துக்கு வடக்கே வாளையாரிலும் மதுக்கரையிலும் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. அதனால்தான் அங்கே சிமென்ட் ஆலைகள் வந்தன. அது ஒரு காலத்தில் படிவாக இருந்து, பிறகு வெந்து படிகமான கல். கருங்கல் ஜல்லி உடைக்கும் குவாரியும் சிமென்ட்டுக்கான சுரங்கமும் ஒரே தாலுகா தூரத்தில் இருப்பதன் பின்னணி இதுதான்.

இதைவிட முக்கியம் தண்ணீர். மணற்கல் மாதிரியான படிவுப் பாறையில் கன அளவில் நூற்றுக்கு 5 முதல் 30 பங்கு வரை இடைவெளி இருக்கலாம். பாறையே ஸ்பாஞ்சு. உடையாத சார்னோக்கைட்டிலும் நைஸிலும் 1 பங்குகூடத் தேறாது. அங்கே தண்ணீர் இருப்பது இரண்டே இடத்தில்: மேலே மக்கிய பாறை அடுக்கில், கீழே விரிசல்களில். விரிசல் கிடைத்தால் தண்ணீர், பத்தடி தள்ளிப் போட்டால் வெறும் புகை. பக்கத்துத் தோட்டத்தில் 300 அடியில் வந்தது, நம்ம தோட்டத்தில் 900 அடியிலும் வரவில்லை என்று சொல்வார்களே, அதற்குக் காரணம் ராசி இல்லை, பாறை. தமிழ்நாட்டின் பரப்பில் சுமார் நான்கில் மூன்று பங்கு இந்தக் கடினப் பாறைதான்.

மீனாட்சிபுரத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது பிளாச்சிமடா. 2000-ல் அங்கே கோகோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணறுகள் வற்றுவதாகவும் தண்ணீர் கெடுவதாகவும் சொல்லி 2002 ஏப்ரலில் மக்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். முன்னணியில் நின்றவர்கள் பழங்குடிப் பெண்கள். 2003-ல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்பதில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒரு விதமாகவும், 2005-ல் டிவிஷன் பெஞ்ச் வேறு விதமாகவும் சொன்னார்கள். மழை குறைவான கிழக்குப் பாலக்காட்டில், ஸ்பாஞ்சு இல்லாத பாறைமேல் நடந்த சண்டை அது. விரிசலில் உள்ள நீர் ஒருவருடைய நிலத்தோடு நிற்காது. நீங்கள் உறிஞ்சினால் அடுத்தவர் கிணற்றில் தெரியும்.

ஆகவே வீடோ தோட்டமோ வாங்குகிறவர்கள் போர்வெல் போடும்போது செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. ரிக் வண்டி வெளியே தள்ளும் கல்தூளை அடி வாரியாகக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். எந்த ஆழத்தில் மக்கிய மண் முடிந்தது, எங்கே கெட்டிப் பாறை ஆரம்பித்தது, எந்த இடத்தில் ஈரத்தோடு உடைந்த சில்லு வந்தது என்று குறித்து வையுங்கள். மழைநீரை எந்த ஆழத்துக்கு இறக்கினால் பாறைக்குள் போகும் என்று முடிவு செய்ய அந்தக் குறிப்பு உதவும். மறுபடி ஒரு போர்வெல் போட வேண்டி வந்தால் நிலவியலாளர் உங்களிடம் முதலில் கேட்பதும் அதைத்தான்.